விருப்பம்

ஜனவரி. காலை பத்தரை. ஐ.என்.ஏ. மெட்ரோவின் படியேறி வெளியே வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது பனிமூட்டம். அடுத்தது மீன் வாடை. சந்தை மூன்றாவதாகத்தான் தெரிகிறது.

முகவரியில் இது மோகன் சிங் மார்க்கெட். இந்திய தேசிய ராணுவத்தை முதலில் திரட்டியவரின் பெயர். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோ நகர்வதில்லை. ஐ.என்.ஏ. என்றால் நகர்கிறது. அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். இன்று இங்கே தமிழ் கேட்பது முருங்கைக்காய்ப் பக்கம்.

வாசலில் இரண்டு தள்ளுவண்டிகள். ஒன்றில் வேர்க்கடலை, ரேவடி, கஜக். லோஹ்ரிக்கு. இன்னொன்றில் கரும்பும் மஞ்சள் கொத்தும். பொங்கலுக்கு. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரே ஆள். பஞ்சாபிக் குடும்பம் வந்தால் இடப்பக்கம் திரும்புகிறான். மதராசிக் குடும்பம் வந்தால் வலப்பக்கம்.

மீன் சந்து. தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். நடக்கிறவர்கள் பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒரே மீனுக்கு மூன்று பெயர். சர்தார்ஜி வந்தால் சுர்மாய். சேச்சி வந்தால் நெய்மீன். தமிழ் முகம் தெரிந்தால் வஞ்சிரம். மீனின் கண் மாறுவதில்லை.

குந்தியிருக்கும் வங்காளத்துக்காரர் அரிவாள்மணையைப் பாதத்தால் அழுத்தியிருக்கிறார். மீன் கத்தியிடம் வருகிறது. கத்தி அசைவதில்லை.

சால்வை போர்த்திய அம்மாள் விலை கேட்கிறார். தொள்ளாயிரம். எழுநூற்றைம்பதுக்குக் கொடு என்கிறார். கடைக்காரர் ஐஸை வாரி மீன் மேல் போடுகிறார். "ஆப்கி மர்ஸி, மேடம்."

உங்கள் விருப்பம் என்று பொருள். விலை குறையாது என்றும் பொருள்.

அம்மாள் நாலடி நடக்கிறார். நிற்கிறார். திரும்பி வருகிறார். தொள்ளாயிரத்தை எண்ணுகிறார்.

சந்தின் ஓரத்தில் ஒரு குளிர்ப்பெட்டி. உள்ளே வெள்ளைத் துண்டுகள். தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. பாசா. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சு: வியட்நாம் தயாரிப்பு. மீகாங் ஆற்றுப் படுகையில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். கிலோ கணக்கில் கேட்பவர்கள் ஹோட்டல்காரர்கள். முள் இல்லாத மீனுக்குக் கேள்வியும் இல்லை. பெட்டி பெட்டியாகப் போகிறது.

திருப்பத்தில் வெளிநாட்டுச் சாமான் கடைகள். கொரிய நூடுல்ஸ். இத்தாலிப் பாலாடைக்கட்டி. டின்னில் தாய்லாந்துத் தேங்காய்ப்பால். பத்தடி தள்ளிக் கோணிச் சாக்கில் பொள்ளாச்சித் தேங்காய், குடுமியோடு. தூதரகத்துச் சமையல்காரர் டின்னை எடுக்கிறார்.

அதற்கடுத்த கடையின் பெயர்ப்பலகை நான்கு எழுத்தில் இருக்கிறது. தமிழ் வரி கடைசி. "காப்பித்தூல்" என்று எழுதியிருக்கிறது. திருத்தச் சொல்லிப் பலர் சொல்லியிருப்பார்கள். பெயின்ட் பழையது.

கல்லாவில் அண்ணாச்சி. தலையைச் சுற்றி மஃப்ளர். பின்னால் அப்பளக் கட்டு, வற்றல், நல்லெண்ணெய், இட்லி அரிசி, திருச்செந்தூர் முருகன். முருகனுக்கும் ஒரு சரம் பல்பு.

கடையின் உட்பக்கம், தராசுக்குப் பின்னால், ஒரு பெண். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள். சுடிதார் மேல் ஒரு ஸ்வெட்டர். அதன் மேல் இன்னொன்று. சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு. செருப்பின் வார் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சாக்ஸை உள்ளே அழுத்தியிருக்கிறது.

சின்ன வெங்காயத்தைக் கால் கிலோ கவரில் போடுகிறாள். இங்கே அதற்குச் சாம்பார் பியாஜ் என்று பெயர். தராசு 250 காட்டுகிறது. கவரின் வாயை சீலிங் மெஷினில் வைத்து அழுத்துகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. அணைகிறது. கையை எடுக்கிறாள். ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை தடவுகிறாள். கவரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறாள். வரிசையில் வைக்கிறாள். ஒட்டிய லேபிள் முன்பக்கம்.

பத்து கவர் ஒரு வரிசை. பத்தாவது கவருக்குப் பிறகு நிமிர்ந்து வலப்பக்கம் பார்க்கிறாள். அங்கே சுவர்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை எழுந்து வந்து உட்காரும்போதும் இரும்பு ராக்கின் காலை ஆள்காட்டி விரலால் தொடுகிறாள். சாமி கும்பிடுவது போல இல்லை. சுவிட்ச் போடுவது போல. அதன் பிறகே கவரை எடுக்கிறாள்.

மின்னணுத் தொழிற்சாலைகளில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை உண்டு. பட்டையிலிருந்து ஒரு ஒயர். உடம்பில் தேங்கும் மின்சாரம் ஒயர் வழியே தரைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் விரல் பட்ட சில்லு கெட்டுவிடும். வெங்காயம் கெடாது.

சுமைக்காரப் பையன் ஒருவன் தேங்காய் மூட்டையோடு உள்ளே வருகிறான். மூட்டையை இறக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் விழுகிறது. பொத்தான் போன். மூன்றாகப் பிரிகிறது. உடம்பு ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், மூடி அப்பளக் கட்டுக்கு அடியில்.

அவள் ஒரு வாடிக்கையாளருக்குப் புளி நிறுத்துக்கொண்டிருக்கிறாள். குனிகிறாள். மூன்றையும் பொறுக்குகிறாள். "புராணா இம்லி ஹை, ஜி. பழசு. குழம்புக்கு நல்லாருக்கும்." கண் புளியின் மேல். கை கீழே. பேட்டரி உட்காருகிறது. மூடி வழுக்கிக்கொண்டு போய் 'டிக்' என்கிறது. போனைப் பையனிடம் நீட்டுகிறாள். புளி அரைக்கிலோ.

பையன் போனை அழுத்திப் பார்க்கிறான். எரிகிறது.

பதினோரு மணிக்குப் பெரியவர் வருகிறார். குரங்குக் குல்லாய். உள்ளே தெரிகிற நெற்றியில் லேசாகத் திருநீறு. கையில் துணிப்பை. "வாங்க அண்டர் செகரட்டரி சார்" என்கிறார் அண்ணாச்சி. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. டெல்லியில் பதவி ஓய்வு பெறுவதில்லை.

பெரியவர் மஞ்சள் கொத்தை முகர்கிறார். ஒரு கொத்து எண்பது ரூபாயா என்கிறார். போன வருடம் அறுபது என்கிறார். அண்ணாச்சி மேலே பார்க்கிறார். "ஒங்க இஷ்டம் சார்."

எண்பது கல்லாவில் விழுகிறது.

"அந்தப் பேப்பரைக் கொண்டு வந்திருக்கியாம்மா?"

அவள் கையைத் துப்பட்டாவில் துடைக்கிறாள். ராக்கின் அடித்தட்டிலிருந்து ஒரு கவரை இழுக்கிறாள். காஞ்சிபுரத்துத் துணிக்கடைக் கவர். சுற்றிலும் இரண்டு ரப்பர் பேண்ட்.

வெளியே வருகிறவை ஒவ்வொன்றாகத் தராசின் பக்கத்தில் இடம் பிடிக்கின்றன.

கழுத்தில் மாட்டும் நாடா. நுனியில் கொக்கி. கொக்கியில் அட்டை இல்லை.

இ.எஸ்.ஐ. அட்டை. ஐந்து சுடர் விளக்குச் சின்னம். புகைப்படத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஒற்றைச் சடை, இரண்டு கன்னம்.

வருங்கால வைப்பு நிதிச் சீட்டு. பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல். ஆதாரில் அந்த இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரு குழுப் படம். ஒரே நிறக் கோட்டும் குல்லாயும் போட்ட நாற்பது பெண்கள். யார் யாரென்று அடையாளம் தெரியாது. ஒருத்தி மட்டும் கோட்டுக்கு மேல் மல்லிகைச் சரத்தை இழுத்து விட்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு கடிதம். இரண்டு பக்கம். ஸ்டேப்லர் பின் துருவேறித் தாளில் பழுப்புக் கறை. கடிதம் ஆங்கிலத்தில். கையெழுத்து தமிழில்.

நாடாவின் மேல் ஐந்து எழுத்து, வெளுத்துப் போய். நோக்கியா. ஃபின்லாந்தில் ஒரு ஊரின் பெயர். 1865-ல் மரக்கூழ் அரைக்கும் ஆலையாகத் தொடங்கிய நிறுவனம். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் ஓடத் தொடங்குகிறது. உச்சத்தில் அங்கே நேரடி வேலையில் 8,000 பேர். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் விடியுமுன் வேன் வந்து நிற்கிறது. ஊரில் பெண்ணின் பெயர் மாறுகிறது. நோக்கியாவுக்குப் போகிற பொண்ணு.

2013-ல் வருமான வரித் துறையின் நோட்டீஸ். தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கு. சொத்து முடக்கம். 2014 ஏப்ரல் 25-ல் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகிறது. முடக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதோடு சேர்ந்து போகவில்லை. அதே கோடையில் விருப்ப ஓய்வுத் திட்டம். ஏறக்குறைய 5,000 பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவிக்கிறது: போன் உற்பத்தி இனிப் பெரும்பாலும் ஹனோயில். நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூரில் கன்வேயர் நிற்கிறது.

பெரியவர் கண்ணாடியைத் தேடுகிறார். ஸ்வெட்டர்ப் பையில் இல்லை. கோட்டுப் பையில் இல்லை. குல்லாய்க்கு மேல் இருக்கிறது.

கடிதத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்துகிறார். உதடு அசைகிறது. முதல் பக்கத்தின் நடுவில் விரல் நிற்கிறது. ஒரு சொல்லின் அடியில் நகத்தால் கோடு போடுகிறார். மையில்லாத கோடு.

"வாலன்டரி."

"ஆமா சார். எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டேன்."

ஒரு பையன் பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறான். கடி பத்தா. அவள் கருவேப்பிலைக் கட்டை உதறுகிறாள். தண்ணீர்த் துளிகள் கடிதத்தின் மேல் விழுகின்றன. பெரியவர் மஃப்ளர் நுனியால் ஒற்றுகிறார்.

"இ.எஸ்.ஐ.-ல ஒரு திட்டம் இருந்துச்சு. அதைக் கேட்டியோ?"

"அப்ப தெரியாது சார். யூனியன்ல சொன்னாங்க, அப்புறம்."

"தெரிஞ்சாலும் கிடைச்சிருக்காது."

ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில். ஆலை மூடினாலோ ஆள்குறைப்பு நடந்தாலோ, இ.எஸ்.ஐ. கட்டிய தொழிலாளிக்கு வேலையில்லாக் காலத்துக்குப் பாதிச் சம்பளம். ஆரம்பத்தில் 6 மாதம். பிறகு 12 மாதம். அதற்கும் பிறகு 24 மாதம், இரண்டாம் வருடத்துக்குக் கால்வாசி. மருத்துவமும் உண்டு. பயிற்சியும் உண்டு. விருப்ப ஓய்வுக்கு இடமில்லை. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் ஆள்குறைப்பு என்ற சொல்லுக்கு விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்துக்குள் எது வராது என்ற பட்டியலில் முதல் வரி: தொழிலாளி தானாக விரும்பிப் பெறும் ஓய்வு.

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையோரம் ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21. ஏழு கருங்கல் தூண்கள். ஷிஃப்ட் வேன்களும் அந்த நெடுஞ்சாலையில்தான்.

"இப்ப இன்னொண்ணு இருக்கே சார், அடல் பேருல?"

"அதுவும் இ.எஸ்.ஐ.தான். 2018 ஜூலை. தொண்ணூறு நாளைக்கு. ஆயுசுக்கு ஒரு தடவை. முதல்ல கால் சம்பளம், கொரோனாவுல பாதி ஆக்கினாங்க." பெரியவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். "அதுலயும் வாலன்டரி கிடையாது."

அண்ணாச்சி சில்லறை எண்ணுகிறார். இருபத்திரண்டு, இருபத்துநாலு.

தேநீர் வருகிறது. கண்ணாடித் தம்ளர், இஞ்சி வாசம். பையன் கம்பி வளையத்தில் ஆறு தம்ளரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறான். பெரியவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தம்ளரை வைத்து உருட்டுகிறார். குடிப்பதற்கு முன்னால் குளிர் காய்கிறார்.

சூடு ஏறியதும் குரலும் ஏறுகிறது. அலுவலகம் திரும்பி வருகிறது.

"அண்ணாச்சி, 1992-ல நான் உத்யோக் பவன்ல இருந்தேன். பிப்ரவரியில தேசியப் புதுப்பிப்பு நிதின்னு ஒண்ணு தொடங்கினாங்க. நரசிம்ம ராவ் காலம். கதவைத் திறந்து விடறோம், வேலை போறவங்களுக்கு மறுபயிற்சி, மறுவேலைன்னு. ஃபைல் எல்லாம் ஜோரா இருக்கும்."

"ஆங்."

"பேரு புதுப்பிப்பு. பணத்துல பெரும்பங்கு எதுக்குப் போச்சு தெரியுமோ? பொதுத்துறையில விருப்ப ஓய்வு குடுக்க. 2000-ல நிதியையே மூடிட்டாங்க."

"முப்பது ரூவா தனியா வச்சேனே, எங்க போச்சு" என்கிறார் அண்ணாச்சி.

ஒரு கொரியப் பெண்மணி முள்ளங்கி கேட்கிறார். கடையில் முள்ளங்கி இல்லை. பக்கத்துக் கடையைக் கையால் காட்டுகிறாள் அந்தப் பெண். திரும்பி வரும்போது ராக்கின் காலைத் தொடுகிறாள். கவர். வெங்காயம். சிவப்பு விளக்கு.

பெரியவர் ஒரு பழைய பில்லைத் திருப்பிப் போடுகிறார். பின்பக்கத்தில் இரண்டு கட்டம் வரைகிறார்.

"இது அமெரிக்கா. 1962, கென்னடி. இறக்குமதியால வேலை போச்சுன்னா அரசாங்கம் பார்த்துக்கணும்னு சட்டம். பிற்பாடு வேலையே வெளிநாட்டுக்குப் போனாலும் சேர்த்தாங்க. மூணு தொழிலாளி சேர்ந்து மனு போட்டாப் போதும். தொழிலாளர் துறை விசாரிக்கும். வேலை எங்கே போச்சு, ஏன் போச்சுன்னு. விசாரிச்சு சர்டிஃபிகேட் குடுக்கும். அப்புறம் படிப்புச் செலவு, படியெல்லாம்."

"இப்பவுமா சார்?" இது அந்தப் பெண். தலை நிமிரவில்லை.

"2022 ஜூலையோட புது மனுவை நிறுத்தி வச்சுட்டாங்க."

முதல் கட்டத்தின் மேல் ஒரு குறுக்குக்கோடு.

"இது ஐரோப்பா. 2007-லேர்ந்து இதுக்குன்னே ஒரு நிதி. ஃபின்லாந்துல சாலோன்னு ஒரு ஊர். ஒங்க கம்பெனிதான். 2012-ல அங்கே போன் பண்றதை நிறுத்தி ஆசியாவுக்குக் கொண்டுவந்தான். அந்த நிதியிலேர்ந்து சாலோ ஜனங்களுக்குப் பணம் போச்சு. வேற வேலை கத்துக்க, சொந்தத் தொழில் வைக்க."

அவள் கை நிற்கிறது. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. கையை இன்னும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் தீய்கிற வாசம்.

"2012-லதான் சார் எங்களுக்கு ஓவர்டைம் ஓடுச்சு."

கவரைப் பிரித்து வெங்காயத்தைத் திரும்பக் கூடையில் கொட்டுகிறாள். தீய்ந்த கவர் குப்பைக்கு. வேறு கவர். 250.

தேநீர்ப் பையன் தம்ளரை எடுக்க வருகிறான். பில்லின் பின்பக்கத்தில் தம்ளரின் வட்டம் விழுந்திருக்கிறது. ஐரோப்பா ஈரம்.

நடந்தே போகிற தூரத்தில் கிழக்கு கித்வாய் நகர். பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு எழுப்பிய உயரக் கட்டடங்கள். பனி விலகினால் மேல் மாடிகள் சந்தைக்குத் தெரிகின்றன. அவற்றில் ஒன்றில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தலைமை அலுவலகம். அங்கே வேலை பார்க்கிறவர்களில் சிலர் மதியம் இந்தச் சந்தைக்கு வந்து நேந்திரம் சிப்ஸ் வாங்குகிறார்கள்.

பெரியவர் துணிப்பையிலிருந்து படிவத்தை எடுக்கிறார். 10-சி. பேரன் பிரின்ட் எடுத்துக் கொடுத்தது.

"நீ வைப்பு நிதியை அப்பவே வாங்கிட்டே. பென்ஷன் பங்கு அங்கேயே கிடக்கு. ஏழு வருஷம். பத்து வருஷம் ஆயிருந்தா பென்ஷனாவே வரும்."

"இங்க எதிர்லயே ஆபீஸ் இருக்குதே சார். நானே போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"அது தலைமை அலுவலகம்மா. அங்கே வாங்க மாட்டாங்க. ஒன் கணக்கு தமிழ்நாட்டுல. அங்கேதான் அனுப்பணும்."

அவள் கட்டடம் இருக்கும் திசையில் பார்க்கிறாள். அங்கே இப்போது பனிதான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

பெரியவர் எழுதுகிறார். பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோப்பில் எழுதுகிற கை. பெயர். பிறந்த தேதி. கணவர் பெயர். நிறுவனத்தின் பெயர். கணக்கு எண்ணை அவள் சீட்டைப் பார்க்காமல் சொல்கிறாள். பெரியவர் சீட்டோடு ஒப்பிடுகிறார். சரியாக இருக்கிறது.

பணியை விட்ட காரணம். அந்தக் கட்டத்தில் பேனா காற்றில் நிற்கிறது. அதைத் தாண்டிக் கீழே போகிறது.

"இங்கே ஒண்ணு கேக்கறான். பணத்துக்குப் பதிலா சர்டிஃபிகேட் வாங்கிக்க ஒனக்கு விருப்பமான்னு."

"எது சார் நல்லது?"

"மறுபடி கம்பெனி வேலைக்குப் போறதா இருந்தா சர்டிஃபிகேட். அந்த ஏழு வருஷத்தைச் சேர்த்துக்கலாம்."

"அதே எடத்துல இப்ப வேற கம்பெனி சார்ஜர் பண்ணுதாம் சார். தங்கச்சி சொன்னா. நம்ம வயசுக்கெல்லாம் எங்க…" அரிசி மூட்டையின் வாயைச் சுருட்டி மூடுகிறாள். "பணமே கேளுங்க."

'ஆம்' அடிக்கப்படுகிறது. 'இல்லை' மிஞ்சுகிறது.

அண்ணாச்சி கல்லாவைச் சாத்துகிறார். முப்பது ரூபாய் கிடைத்துவிட்டது. மனம் இப்போது பேச்சுக்கு வருகிறது. "புதுச் சட்டம் வந்திருக்காம்லா சார், டி.வி.ல சொன்னாம்."

"2025 நவம்பர் 21. நாலு தொகுப்பு. தொழில் உறவுத் தொகுப்புல மறுதிறன் நிதின்னு ஒண்ணு. ஆளைக் குறைச்சா, முதலாளி தலைக்குப் பதினைஞ்சு நாள் சம்பளம் போடணும். 45 நாளுக்குள்ள தொழிலாளி கணக்குக்கு வந்துடணும்."

"நல்லதுதானே."

"நூறு பேர் இருந்தாலே மூடறதுக்கு அரசாங்கத்தைக் கேக்கணும்னு இருந்துது. இப்ப முந்நூறு பேர் இருந்தாத்தான்."

"செரி."

"விருப்ப ஓய்வு மட்டும் ஆள்குறைப்புல இப்பவும் வராது."

அண்ணாச்சி பெண்ணைப் பார்க்கிறார். பெண் தராசைப் பார்க்கிறாள். தராசு பூஜ்யத்தில் இருக்கிறது.

கரும்பு வண்டிப் பக்கம் சத்தம். ஒரு குடும்பம் இரண்டு கரும்பைக் கேட்கிறது. மெட்ரோவில் முழுக் கரும்பை விடமாட்டார்கள் என்கிறார் கணவர். நறுக்கினால் பொங்கல் கரும்பாகுமா என்கிறார் மனைவி. வண்டிக்காரன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். "ஆப்கி மர்ஸி."

கரும்பு நான்கு துண்டாகிறது. தோகை மட்டும் முழுசாகப் பையில் நீட்டிக்கொண்டு போகிறது.

பெரியவர் கண்ணாடியைக் குல்லாய்க்கு மேல் ஏற்றுகிறார். துணிப்பையில் மஞ்சள் கொத்து, ஒரு கட்டு முருங்கைக்காய், அரைக்கிலோ பச்சரிசி. படிவத்தைத் தராசுக்கு அடியில் செருகுகிறார்.

"காரணம் மட்டும் நீயே எழுதிடும்மா. அந்த லெட்டர்ல எப்படி இருக்கோ அப்படியே. ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவான்."

"சரிங்க சார். டீ காசு நான் குடுத்துடறேன்."

"அண்ணாச்சி கணக்குல எழுதிட்டேன்."

அண்ணாச்சி அதையும் கேட்டுக்கொள்கிறார்.

குரங்குக் குல்லாய் மீன் சந்தில் நுழைகிறது. ஈரத்துக்குப் பேன்ட்டை இரண்டு விரலால் தூக்குகிறது. குளிர்ப்பெட்டிப் பக்கம் நிற்கிறது. விலை கேட்கிறது. சைவம் என்றுதான் சந்தையில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துண்டு ஒன்று செய்தித்தாளில் சுற்றப்பட்டு முருங்கைக்காய்க்கு அடியில் போகிறது.

பன்னிரண்டரை. பனி கொஞ்சம் விலகுகிறது. கித்வாய் நகரின் மேல் மாடிகள் மட்டும் தெரிகின்றன. கீழே எதுவும் இல்லாமல் நிற்பது போலத் தோன்றுகிறது.

கடையில் கூட்டம் இல்லாத ஐந்து நிமிடம். அவள் நாடாவைச் சுருட்டுகிறாள். குழுப் படத்தைக் கோட்டுப்பக்கம் உள்ளே வருமாறு வைக்கிறாள். இ.எஸ்.ஐ. அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வெங்காயச் சருகை ஊதுகிறாள். எல்லாம் துணிக்கடைக் கவருக்குள். கடிதம் மட்டும் வெளியே.

படிவத்தைத் தராசுக்கு அடியிலிருந்து உருவுகிறாள். தராசின் எண் நடுங்கி, மறுபடி பூஜ்யம்.

அண்ணாச்சியின் பேனா. மூடி இல்லாதது.

கடிதத்தைப் பார்க்கிறாள். ஒரு எழுத்து எழுதுகிறாள். கடிதத்தைப் பார்க்கிறாள். அடுத்த எழுத்து. நகக்கோடு போட்ட இடத்தில் இடதுகை விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்கிறது. முதல் சொல்லே ஒன்பது எழுத்து. கட்டம் சிறியது. ஆறாவது எழுத்திலிருந்து நெருக்கி எழுதுகிறாள். அப்படியும் கடைசி இரண்டு எழுத்துகள் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அடுத்த சொல்லுக்கு இடமில்லை.

"அக்கா, பாவ் கிலோ சாம்பார் பியாஜ்."

பேனா கல்லாவுக்குப் போகிறது. வரிசையிலிருந்து ஒரு கவர் வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. வாங்கினவர் கவரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவள் உட்காருகிறாள். இரும்பு ராக்கின் காலைத் தொடுகிறாள். வரிசையில் ஒன்பது கவர். பத்தாவதை எடுக்கிறாள்.